ஓவியம், வீடியோ, ஏஐ: லினக்ஸை நிறுவாமலே சோதிக்க முடியுமா?

விண்டோஸை அழிக்காமல், படைப்பு வேலைகளுக்கும் சொந்தக் கணினியிலேயே ஏஐ ஓட்டவும், விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளமான லினக்ஸ் ஒத்துவருமா என்று பார்க்க வழி கேட்டிருக்கிறீர்கள். பாதியை, அதாவது படைப்பு வேலைகளை, பென் டிரைவிலேயே பார்த்துவிடலாம். மறுபாதியான ஏஐக்கு நிறுவித்தான் ஆகவேண்டும்.

படைப்பு வேலைகளுக்கான லினக்ஸ் வகையான உபுண்டு ஸ்டுடியோவைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்குங்கள். ஓவியத்துக்குக் கிரிட்டா, முப்பரிமாண வேலைக்குப் பிளெண்டர், வீடியோவுக்குக் கேடென்லைவ் எல்லாம் அதில் தயாராக இருக்கும். வரையும் டேப்லட் இருந்தால் முதல் சோதனை அதற்குத்தான்: அழுத்தத்துக்கேற்பத் தடிமன் மாறும் தூரிகையை எடுத்து, மெல்ல ஒரு கோடும் அழுத்தி ஒரு கோடும் இழுங்கள். இரண்டும் ஒன்றுபோல் வந்தால் அழுத்தம் பதிவாகவில்லை. ஃபோட்டோஷாப் லினக்ஸுக்குக் கிடையாது. அது இல்லாமல் முடியாதென்றால் மேலே படிக்கவே வேண்டாம்.

ஏஐ விஷயம் வேறு. பென் டிரைவில் செய்யும் மாற்றங்கள் வழக்கமாகக் கணினியை அணைத்ததும் போய்விடும். ஏஐ மாடல்களோ பல ஜிபி. 700 கோடி அளவுருக்கள் (மாடல் கற்றுவைத்திருக்கும் எண்கள்) கொண்ட மாடலுக்கு, ஒவ்வொன்றையும் 16 பிட்டில் வைத்தால், 14 ஜிபி நினைவகம் வேண்டும். 4 பிட்டாகச் சுருக்கினால் ஏறத்தாழ 3.5 ஜிபி, உரையாடலுக்கு இன்னும் கொஞ்சம். ஆக, 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு தாராளம்.

என்விடியா கார்டு என்றால் அந்நிறுவனத்தின் டிரைவரையே நிறுவுங்கள். லினக்ஸோடு வரும் திறமூல நூவோ டிரைவரில், கார்டில் ஏஐ கணக்குகளை ஓட்டும் என்விடியாவின் 'கூடா' (CUDA) மென்பொருள் இயங்காது. அதை மறந்துவிட்டு, ஏஐ பதிலின் சொற்கள் சொட்டுச் சொட்டாக விழுவதை நான் ஒரு மாலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்தக் கணினியில் மாடல்களை ஓட்டும் ஒல்லாமா என்ற மென்பொருளில் மாடல் ஓடும்போது 'ollama ps' கட்டளை கொடுத்தால், வேலை சிபியுவில் நடக்கிறதா, ஜிபியுவிலா (கிராபிக்ஸ் கார்டிலா) என்று சதவீதத்தோடு காட்டிவிடும்.