தணலில் ஒரு பொட்டலம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கரியடுப்பில் அலுமினியத் தாள் பொட்டலம் வைத்துச் சமைப்பது பற்றி ஞாயிறு முழுவதும் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து, பன்னிரண்டு ஆண்டுகளாக மொட்டை மாடியில் கை சுட்டுக்கொண்ட அனுபவத்தில் பதில் எழுதுகிறேன்.

அக்கா, பொட்டலத்தில் வைத்த கோழியில் சுட்ட வாசனையே இல்லை. அவித்ததுபோல் இருக்கிறது. என்ன தவறு செய்தேன்? (சேலம்)

தவறே இல்லை தம்பி, அது அவித்ததுதான். அடியில் தணல் எவ்வளவு கனன்றாலும், பொட்டலத்துக்குள் ஈரம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியேதான் நிற்கும். இறைச்சி சிவந்து வாசனை வர 140 டிகிரி அளவுக்காவது ஏற வேண்டும். சுட்ட மணம் வேண்டுமானால், வெந்த பிறகு துண்டுகளை வெளியே எடுத்துக் கம்பிமேல் இரண்டு மூன்று நிமிடம் புரட்டுங்கள். இட்லிச் சட்டியைத் தணல்மேல் வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அப்படியானால் இதில் ஆரோக்கியம் எங்கே வருகிறது?

இறைச்சியின் கொழுப்பு தணலில் சொட்டினால் புகை கிளம்பும். அந்தப் புகையில் பென்சோபைரீன் போன்ற வேண்டாத பொருட்கள் ஏறி இறைச்சியிலேயே படியும். பொட்டலத்தில் சொட்டுவதும் இல்லை, கருகுவதும் இல்லை. எண்ணெய் ஒரு தேக்கரண்டி போதும். நீரில் கரையும் சத்துகளும் உள்ளே ஊறிய சாற்றோடு தங்கிவிடுகின்றன. அதைக் கொட்டாமல் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுங்கள்.

ஆனால் இதையும் கேளுங்கள். சொட்டுவதற்கு வழியில்லை என்பதால், நாலு கட்டி வெண்ணெய் போட்டு மடித்தால் நாலு கட்டியும் உங்கள் வயிற்றுக்குத்தான் போகும்.

அலுமினியம் என்றாலே என் மாமியார் தொட மாட்டேன் என்கிறார். அவரை எப்படிச் சமாதானப்படுத்துவது? (திருச்சி)

உங்கள் மாமியார் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது, அம்மா. புளி, எலுமிச்சை, தக்காளி, உப்பு இவை சூட்டில் தாளைத் தொட்டால் அலுமினியம் கொஞ்சம் உணவில் கரையும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008-இல் சொன்ன வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 மில்லிகிராம். எப்போதோ ஒரு முறை சாப்பிடுவதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் உடலில் சேரும் அலுமினியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம்தான். அதில் கோளாறு உள்ளவர்கள் தாளைத் தவிர்த்துவிடுவது நல்லது.

என் வழக்கம், உள்ளே வாழையிலை, வெளியே தாள். எலுமிச்சையைப் பொட்டலம் பிரித்த பிறகே பிழிவேன். இலையை வாட்டாமல் மடித்தால் கிழியும். நடுநரம்பைச் சீவிவிட்டு, தணலுக்கு ஒரு சாண் மேலே மெல்ல இழுங்கள். மங்கலாக இருக்கும் பச்சை, எண்ணெய் தடவினாற்போல் பளபளத்துக்கொண்டே வரும். அந்தப் பளபளப்பு விளிம்பைத் தொட்டதும் எடுத்துவிட வேண்டும். இன்னும் ஒரு நொடி விட்டால் பழுப்பேறிவிடும்.

எங்கள் ஊர் ஒத்தாக் ஒத்தாக்கை (மசாலா சேர்த்த மீன் விழுது) இலையில் மட்டுமே மடித்து வேகவைக்கிறோம். தாள் எதற்கு? (பினாங்கு)

வேண்டவே வேண்டாம். கேரளத்தின் மீன் பொளிச்சது, வங்காளத்தின் பாதூரி, பார்சிகளின் பாத்ரா நி மச்சி எல்லாமே இலைப் பொட்டலங்கள்தான். காய்கறி நிறையச் சேர்த்துச் சாறு வடியும்போதுதான் எனக்குத் தாள் தேவைப்படுகிறது.

பளபளப்பான பக்கம் உள்ளேயா, வெளியேயா?

எப்படி வைத்தாலும் ஒன்றுதான். ஆலையில் கடைசியாக இரண்டு தாள்களை ஒன்றாகச் சேர்த்து உருளைகளுக்கு இடையே விடுகிறார்கள். உருளையைத் தொட்ட முகம் பளபளக்கும், தாளும் தாளும் தொட்ட முகம் மங்கியிருக்கும்.

முதல்முறை செய்யப்போகிறேன். மீனுக்கு அளவும் நேரமும் சொல்லுங்கள், அக்கா. (தூத்துக்குடி)

இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள வஞ்சிரத் துண்டு ஒன்று. அதன்மேல் இஞ்சி, பூண்டு, மிளகு, மஞ்சள், கால் தேக்கரண்டி உப்பு அரைத்துத் தடவுங்கள். கீழே மெல்லிய வெங்காயமும் குடைமிளகாயும் பரப்பி, மீனை வைத்து, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, எண்ணெயைச் சுற்றி விடுங்கள். இலையை மடித்து, தாளின் ஓரங்களை இரண்டு முறை மடக்கி அழுத்துங்கள். மேலே இரண்டு விரல் இடம் காலியாக இருக்கட்டும், ஆவிக்கு அது வேண்டும்.

இனி நெருப்பு. கரி நீறு பூத்த பிறகே பொட்டலத்தை வையுங்கள். உள்ளங்கையை ஒரு சாண் உயரத்தில் காட்டினால் நாலைந்து எண்ணும்வரை தாங்க வேண்டும். என் முதல் பொட்டலத்தை அவசரப்பட்டு, விசிறிவிட்ட கரிமேலேயே வைத்தேன். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், விசிறிய கரி அதையும் தாண்டும். அன்று அடியில் ஓட்டை விழுந்து, சங்கரா மீன் சாம்பலோடு சாம்பலானது.

கம்பிமேல் வைத்த சில நிமிடங்களில் பொட்டலம் பூரிபோல் உப்பும். உப்பியதிலிருந்து எட்டு நிமிடம். பிரிக்கும்போது முகத்துக்கு எதிர்ப்பக்கமாக, நுனியில் கத்தியால் கீறுங்கள். ஆவி சுடுவது நெருப்பு சுடுவதைவிட மோசம்.

உருளைக்கிழங்கும் கோழியும் ஒரே பொட்டலத்தில் வைக்கலாமா?

கிழங்கை முக்கால் வேக்காடு வேகவைத்துப் போட்டால் வைக்கலாம். இல்லாவிட்டால் கோழி நாராகும்வரை கிழங்குக்குக் காத்திருக்க வேண்டும். கோழியின் நடுப்பகுதி 74 டிகிரி எட்டியதா என்று வெப்பமானி குத்திப் பார்ப்பது உத்தமம்.

மிஞ்சிய கிழங்குப் பொட்டலத்தை அப்படியே காலைவரை வைத்திருக்கலாமா?

கூடாது. 1994-இல் அமெரிக்காவின் எல் பாசோ நகரில், தாளில் சுற்றிச் சுட்ட உருளைக்கிழங்கை வெளியே வைத்திருந்து, அதில் செய்த பச்சடியைப் பரிமாறிய ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 30 பேரை பொட்டுலிசம் என்ற, ஒரு கிருமி உண்டாக்கும் கடுமையான உணவு நச்சு தாக்கியது. காற்று புகாத, ஈரமான, வெதுவெதுப்பான இடம் அந்தக் கிருமிக்கு மிகவும் பிடிக்கும். தாளைப் பிரித்து, ஆறவிட்டு, குளிர்பெட்டியில் வையுங்கள்.

நாங்கள் இருப்பது அடுக்ககம். மழை வந்தால் கரியடுப்பை உள்ளே கொண்டுவரலாமா? (சென்னை)

கொண்டுவரவே கூடாது. சாம்பல் பூத்த கரியும் கார்பன் மோனாக்சைடு என்ற உயிரைப் பறிக்கும் நச்சுவாயுவை விடும், அதற்கு வாசனை கிடையாது. இரும்பு தோசைக்கல்லைச் சுடவைத்து, இலைப் பொட்டலத்தை வைத்துக் கவிழ்த்த சட்டியால் மூடுங்கள். பக்கத்துக்கு ஆறு நிமிடம். இலை கருகும் மணம் வந்ததும் திருப்பிப் போடுங்கள்.