வலுவளவு இலத்திரன் எத்தனை? (கேள்வி பதில்)

புதுக்குடியிருப்பு: சேர், பொசுபரசுக்கு வலுவளவு இலத்திரன் எத்தனை எண்டு எப்பிடிப் பாக்கிறது?

வலுவளவு இலத்திரன் எண்டால் பிணைப்புக்குப் போகக்கூடிய இலத்திரன். பொசுபரசின்ர அணுவெண் 15. ஓடுகளை 2, 8, 5 எண்டு நிரப்புங்கோ பிள்ளை. கடைசி ஓட்டில 5, அதுதான் விடை. ஆவர்த்தன அட்டவணை கையில இருந்தால் 1, 2ஆம் கூட்டங்களுக்குக் கூட்ட எண்ணே விடை. 13 தொடக்கம் 18 வரை பத்தைக் கழியுங்கோ. ஈலியம் மட்டும் 18இல இருந்துகொண்டு 2. கவனம்: வலுவளவு (அணு எத்தனை பிணைப்புப் போடுது எண்டது) வேற, வலுவளவு இலத்திரன் வேற. பொசுபரசுக்கு வலுவளவு இலத்திரன் எப்பவும் 5. வலுவளவு முக்குளோரைட்டில 3, ஐங்குளோரைட்டில 5.

மாங்குளம்: பொற்றாசியத்துக்கு 2, 8, 9 எண்டு எழுதினன், பிழை போட்டிட்டினம். மூன்றாம் ஓடு 18 கொள்ளும்தானே?

கொள்ளும் தம்பி. ஆனால் ஓடுகளுக்குள்ள எஸ், பி, டி எண்டு உபஓடுகள் இருக்கு; மூன்றாம் ஓட்டின்ர டிக்கு (3டி) முதல் நாலாம் ஓட்டின்ர எஸ் (4எஸ்) நிரம்பும். அதால பொற்றாசியம் 2, 8, 8, 1. கல்சியம் 2, 8, 8, 2. மூன்றாம் ஓட்டில ஒன்பதாவது வாறது 21ஆம் மூலகம் ஸ்கந்தியத்திலதான்.

வவுனியா: குளோரினுக்கு?

கூட்டம் 17. பத்தைக் கழியுங்கோ.

கிளிநொச்சி: ஆனையிறவு உப்பில இருக்கிற சோடியத்துக்கு 1ஆ, 8ஆ?

சோடியம் அணுவுக்கு 1. உப்பில இருக்கிறது அயன். அந்த ஒண்டைக் குளோரினிட்டக் குடுத்திட்டு 2, 8 எண்டு நிக்குது. “வெளியோட்டில 8” எண்டு எழுதலாம். “சோடியத்தின் வலுவளவு இலத்திரன் 8” எண்டு எழுதினால் புள்ளி போகும்.

முல்லைத்தீவு: கொக்கிளாய் இல்மனைற்று (இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த கனியம்) மணலில தைத்தேனியம் இருக்கு. 4எஸ்² எண்டபடியால் 2தானே?

இல்லை, 4. தாண்டல் மூலகங்களில (டி உபஓடு நிரம்பிக்கொண்டு வாற உலோகங்கள்) டியும் கணக்கு: 3டி² 4எஸ்². இல்மனைற்றில அந்த நாலும் போய் +4ஆ நிக்குது. இரும்பு 3டி⁶ 4எஸ்², ஆகவே 8. அது எட்டையும் விடாது, இல்மனைற்றில +2தான்.

மல்லாவி: அப்ப நாகத்துக்கு 12ஆ? எங்கட ரீச்சர் 2 எண்டவ.

ரீச்சர் சொன்னது சரி. நாகத்தின்ர 3டி¹⁰ நிரம்பி உள்ளுக்க அடங்கிட்டுது. சேர்வைகளில 4எஸ் இரண்டும்தான் போகும்.

முல்லைத்தீவு: செம்பிலயும் 3டி¹⁰தானே சேர்? அப்ப அது 1 எண்டு வரவேணும்!

நல்ல பிடி. 3டி¹⁰ 4எஸ்¹ உண்மைதான். ஆனால் நீலச் செப்புச் சல்பேற்றில செம்பு +2. இரண்டாவது இலத்திரன் டியில இருந்துதான் போகவேணும். நிரம்பியும் பூட்டுப்படேல்லை, அதால 11 எண்டு எண்ணுறது.

மல்லாவி: நாகத்துக்கு 12 எண்டும் எழுதியிருக்கினமே?

சிக்கல் சேர்வைகளில (நடுவில உலோகம், சுத்திவர வேற மூலக்கூறோ அயனோ) உலோகத்தைச் சுத்தி 18 இலத்திரன் வருதோ எண்டு கணக்குப் பாக்கிற ஆக்கள் டியையும் சேர்த்து 12 எண்டு எண்ணுவினம். பிணைப்புக்குப் போறதை மட்டும் கேட்டால் 2. உயர்தரத்தில இலத்திரன் நிலையமைப்பை (3டி¹⁰ 4எஸ்² மாதிரி) முதல் எழுதிப்போட்டு எண்ணைச் சொல்லுங்கோ. சாதாரண தரப் பிள்ளையளுக்கு முதல் 20 மூலகம் காணும். இந்தச் சண்டைக்க வராதேங்கோ.

துணுக்காய்: ஒட்சிசனுக்கு வலுவளவு 6தானே சேர்?

மேல வாசிக்கேல்லையோ? வலுவளவு 2. வலுவளவு இலத்திரன் 6.

நெடுங்கேணி: புரோமினுக்கு?

வவுனியாவுக்குச் சொன்னதுதான்.