அப்பல்லோ 11 இறங்கும்போது கணினி செயலிழந்ததா?

கேள்வி: 1969-இல் நிலவில் இறங்கும்போது ஈகிள் கலத்தின் கணினி செயலிழந்துவிட்டதாகவும், ஆம்ஸ்ட்ராங் கையால் ஓட்டித்தான் இறக்கினார் என்றும் சொல்கிறார்களே, உண்மையா?

பாதிதான் உண்மை. கடைசியில் கையால் ஓட்டியது சரி, ஆனால் கணினி செயலிழக்கவில்லை. ஆம்ஸ்ட்ராங் கைப்பிடியைத் திருப்பியதைக்கூட அந்தக் கணினிதான் வாங்கிச் செயல்படுத்தியது.

நிலவுக்கு மேலே சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் திரையில் 1202 என்ற எண் வந்தது. வேலை குவிந்துவிட்டது, எல்லாவற்றையும் பார்க்க முடியவில்லை என்று கணினி சொல்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். மேலே திரும்பிப் போகும்போது மட்டும் தேவைப்படும் ஒரு ரேடார், இறங்கும்போதே தேவையில்லாத சிக்னல்களை அனுப்பிக் கணினியின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது. மாற்றி எழுதக்கூடிய நினைவகம் மொத்தமே 4 கிலோபைட் அளவுதான், பாவம் அது என்ன செய்யும்? ஆனால் அதை எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள்: நெருக்கடி வந்தால் முக்கியமில்லாத வேலைகளைத் தூக்கிப்போட்டுவிட்டு, இன்ஜினையும் கலத்தின் திசையையும் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு நொடிப்பொழுதில் மறுபடி தொடங்கும்படி அமைத்திருந்தார்கள். அது அப்படியே நடந்தது.

எனக்குப் பிடித்த பகுதி ஹூஸ்டனில், தரைக் கட்டுப்பாட்டு மையத்தில் நடந்தது. சில வாரங்களுக்கு முன் ஒரு ஒத்திகையில் இதேபோல எச்சரிக்கை ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். வழிகாட்டு அதிகாரி ஸ்டீவ் பேல்ஸ் (வயது 26) பயந்துபோய் இறங்குவதை ரத்து செய்யச் சொல்லிவிட்டார். தேவையே இல்லாத ரத்து. அப்புறம் அங்கே பயணத்தை நடத்திய தலைமை அதிகாரி ஜீன் கிரான்ஸ், வரக்கூடிய எச்சரிக்கை ஒவ்வொன்றுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைக்கச் சொன்னார். பேல்ஸுக்குப் பின்னறையிலிருந்து உதவிய 24 வயது ஜாக் கார்மன் கையாலேயே ஒரு பட்டியல் எழுதித் தன் மேசையில் வைத்துக்கொண்டார். அதனால்தான் ஜூலை 20 அன்று உண்மையாகவே 1202 வந்தபோது, அடிக்கடி வராதவரை பயமில்லை என்று அவரால் உடனே சொல்ல முடிந்தது, அரை நிமிடத்துக்குள் மேலே பதிலும் போய்விட்டது. பிறகு 1201 வந்தபோது யோசிக்கவே இல்லை, அதுவும் அதே வகைதான்.

கையால் ஓட்டியதற்குக் காரணமே வேறு. கணினி கொண்டுபோன இடத்தில் பெரிய பள்ளமும் அதைச் சுற்றிப் பாறைகளும் கிடந்தன, அது கணினிக்குத் தெரிய வழியில்லை. ஆம்ஸ்ட்ராங் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு அதைத் தாண்டி ஓட்டினார், எரிபொருள் குறைந்ததால் இறங்குவதா, ரத்து செய்வதா என்று முடிவெடுக்க இன்னும் 30 நொடி என்று ஹூஸ்டன் எச்சரித்த பிறகுதான் கலத்தின் கால் தரையில் பட்டது.

ரேடார் சுவிட்சை, ஆம்ஸ்ட்ராங்குடன் கலத்தில் இருந்த ஆல்ட்ரின் தப்பாகப் போட்டதால் வந்த வினை என்று சிலர் எழுதுகிறார்கள். அது நியாயமில்லை, கையில் கொடுத்திருந்த செயல்முறைப் பட்டியலில் எப்படி இருந்ததோ அப்படித்தான் அவர் வைத்திருந்தார்.