முதலில் குச்சியை அளந்து பாருங்கள்

கேள்வி: அமெரிக்காவில் உட்டா மாநிலத்து மலைகளில் சோலார் பேனலும் பூட்டிய பெட்டியுமாக மர்ம ஆன்டெனாக்கள் முளைத்தனவாமே? உளவு வேலையா, வேற்றுக்கிரகத்தாரா?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: உங்கள் கேள்வியில் "மர்ம" என்ற சொல்தான் உறுத்துகிறது. ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்குள் நம் செய்தித்தாள்களில் அது மர்மக் காய்ச்சல். வனத்துறை வந்து கால்தடம் பார்க்கும்வரை மர்ம விலங்கு. யாரும் இன்னும் பார்க்கவில்லை என்று எழுதவேண்டிய இடத்தில் எல்லாம் இந்தச் சொல்லைப் போட்டு நிரப்புகிறோம். இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது, இனியும் சொல்வேன்.

உட்டா விஷயம் 2023 ஜனவரியில் செய்தியானது. சால்ட் லேக் சிட்டியை ஒட்டிய மலைமுகடுகளில் பத்துப் பன்னிரண்டு ஆன்டெனாக்கள், பாறையில் போல்ட் அடித்து நிறுத்தியவை. அனுமதி வாங்காதவை என்பதால் அதிகாரிகள் கழற்றத் தொடங்கினார்கள்.

இப்படி ஒன்றைக் கண்டால் முதலில் ஆன்டெனாக் குச்சியை அளக்க வேண்டும். கண்டம் தாண்டும் சிற்றலைக்கு, அதாவது 7 மெகாஹெர்ட்ஸுக்கு, கால் அலையே (அலைநீளத்தில் கால் பங்கு, ஒரு எளிய ஆன்டெனாவின் நீளம்) பத்து மீட்டருக்கு மேல் வரும். 915 மெகாஹெர்ட்ஸில் கால் அலை 8 சென்டிமீட்டர்தான். கை நீள ஃபைபர் குழாய்க்குள் அதைப்போல் இருமடங்கான அரை அலைத் துண்டுகளை அடுக்கினால் அலை மேலும் கீழும் சிதறாமல் பக்கவாட்டில் போகும். அதிலும் ஒரு கேடு உண்டு: மலையுச்சியில் குழாய் நீளமாக நீளமாக, காலடியில் இருக்கும் பள்ளத்தாக்குக்குக் கிடைக்க வேண்டிய சிக்னல் தலைக்கு மேலே போய்விடும்.

அந்த 915-ஐச் சுற்றித்தான் ஹீலியம் என்ற, தனியாட்கள் வைக்கும் ரேடியோ பெட்டிகளால் ஆன வலைப்பின்னலும் இயங்குகிறது. உட்டாவில் பலமாக அடிபட்ட ஊகமும் அதுவே. ஒரு பெட்டி அனுப்பும் சிக்னலை இன்னொரு பெட்டி கேட்டதாகச் சாட்சி சொன்னால் இரண்டுக்கும் கிரிப்டோ நாணயம். பள்ளத்தாக்கிலிருந்து 1,000 மீட்டர் உயரத்தில் வைத்தால் ரேடியோ அடிவானம், அதாவது சிக்னல் எட்டும் எல்லை, ஏறக்குறைய 130 கிலோமீட்டர். மலையேறக் காரணம் அதற்குமேல் வேண்டுமா?

எனக்கு ஆத்திரம் வருவது பேட்டரியில். 5 வாட் கருவி ஒரு நாளைக்கு 120 வாட்-மணி தின்னும், 12 வோல்ட்டில் 10 ஆம்பியர்-மணி. மூன்று நாள் வெயில் இல்லையென்றால் 30. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குமேல் காலி செய்யக்கூடாது, ஆக 60 ஆம்பியர்-மணி, கிட்டத்தட்ட 18 கிலோ சுமை. பேனலைப் படுக்கையாக வைத்தால் பனி மூடும், சார்ஜ் ஏறாது. முழுதாகக் காலியான பேட்டரியில் அமிலம் தண்ணீராக நீர்த்துப்போய், மைனஸ் 10 டிகிரி வாக்கிலேயே உறைந்துவிடும். பெட்டி வெடித்து, பனி உருகியதும் அமிலம் மண்ணில் இறங்கும். ஊர்ச் சொத்தான பாறையைத் துளைத்து, பெயர் எழுதிய ஒரு தகடுகூட ஒட்டாமல் இதை விட்டுப்போவது அயோக்கியத்தனம்.

ஆச்சரியப்பட வேண்டுமென்றால் அதே உட்டா மலைகளில் அரசு வேளாண்துறை வைத்திருக்கும் ஸ்னோடெல் நிலையங்களைப் பாருங்கள். உறையாத திரவம் நிரப்பிய தலையணை ஒன்று தன்மேல் விழும் பனியை எடை போடும். கோடையில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று அதை வைத்துக் கணக்கிடுவார்கள். அந்த எண்ணைக் கீழே அனுப்ப, 1970களின் பின்பகுதியில் செயற்கைக்கோளுக்குப் பதில் எரிநட்சத்திரத்தைப் பிடித்தார்கள். தலைமை நிலையம் 40 மெகாஹெர்ட்ஸ் வாக்கில் ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. வானில் 80, 100 கிலோமீட்டர் உயரத்தில் தூசியளவு விண்கல் எரிந்து மின்னேறிய ஒரு தடம் விழும். கூப்பாடு அதில் பட்டுத் திரும்பி மலைக்கு வந்து சேர்ந்தது. தடம் கலைவதற்குள், நொடிக்கும் குறைவான நேரத்தில், மலையில் இருந்த கருவி தன் பனிக்கணக்கை அதே வழியில் திருப்பிச் சொல்லிவிட்டது.