டிராக் காரின் கிளட்ச் ஹவுசிங்: எடையைப் பார்ப்பதா, சான்றைப் பார்ப்பதா?

கேள்வி: நின்ற இடத்திலிருந்து நேராகக் கால் மைல் பாயும் டிராக் (drag) ஓட்டத்துக்காக ஒரு காரைத் தயார் செய்துவருகிறேன். எஞ்சின் முன்னால், டிரைவ் பின் சக்கரத்தில். மேனுவல் கியர்பாக்ஸ், ஒற்றைத் தட்டு கிளட்ச். இப்போது 11.8 விநாடியில் ஓடுகிறது, 11-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். எஞ்சின் 9,000 ஆர்.பி.எம். வரை போகிறது. காரோடு வந்த அலுமினிய பெல் ஹவுசிங்தான் (கிளட்சை மூடி, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு) இன்னும் இருக்கிறது. பாதுகாப்புச் சான்று பெற்ற எஃகு ஹவுசிங் போட்டால் சில கிலோ கூடுகிறது. எடை குறைந்ததாகவும் சான்று உள்ளதாகவும் எதை வாங்கலாம்? அல்லது எஃகு ஹவுசிங்கை வாங்கி, அங்கங்கே துளை போட்டு எடையைக் குறைக்கலாமா?

பதில்: துளை போடாதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம், இதை முதலில் சொல்லிவிடுகிறேன். சான்று பெற்ற ஹவுசிங்கில் துளை போடுவது, உரசித் தேய்ப்பது, நீங்களாகவே வெல்டிங் வைப்பது, இதில் எதைச் செய்தாலும் அந்தச் சான்று அந்த நொடியே செல்லாது. ஆய்வாளர் கவனிக்காமல் விட்டாலும், ஃப்ளைவீலோ (எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம்) கிளட்சோ வெடித்தால் பறக்கும் துண்டு அந்தத் துளையைத் தேடிப்பிடித்துவிடும்.

உங்கள் ஃப்ளைவீலும் கிளட்சும் சேர்ந்து 10 கிலோ, ஆரம் 15 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 9,000 ஆர்.பி.எம்.மில் அதற்குள் ஏறக்குறைய 50,000 ஜூல் ஆற்றல் இருக்கும். ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வந்து சுவரில் மோதும்போது இருக்கும் அதே ஆற்றல். விளிம்பு மட்டும் மணிக்கு 500 கி.மீ.க்கு மேல் சுற்றுகிறது. சுழற்சி 6,000-லிருந்து 9,000 ஆனால் ஆற்றல் ஒன்றரை மடங்கு கூடுவதில்லை, இரண்டேகால் மடங்கு கூடுகிறது. இவ்வளவும் இருப்பது உங்கள் பாதத்துக்குப் பக்கத்தில்.

காரோடு வந்த வார்ப்பு அலுமினிய ஹவுசிங்கின் வேலை வேறு. கியர்பாக்ஸைத் தாங்க வேண்டும், எஞ்சினின் சுழல்தண்டான கிராங்குக்கு நேராக நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். ஃப்ளைவீல் வெடித்தால் அது தடுக்காது, தானும் நொறுங்கித் துண்டுகளோடு துண்டாகப் பறக்கும். எஃகுத் தகடு அப்படி நொறுங்குவதில்லை. இழுபட்டு, புடைத்து, அடியை வாங்கிக்கொள்ளும். வெடித்த ஃப்ளைவீலைத் தடுத்து நிறுத்திய ஒரு எஃகு ஹவுசிங்கைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். உள்ளேயிருந்து வெளியே ஒரு முஷ்டி அளவு புடைப்பு. உள்பக்கம் விரலை வைத்துத் தடவினால் ஃப்ளைவீல் விளிம்பில் இருக்கும் ரிங் கியரின் பற்கள் பதிந்த தடம் வரிசையாகத் தெரிந்தது. தகடு எங்குமே கிழியவில்லை. அந்தக் காரை ஓட்டியவர் தன் காலிலேயே நடந்து இறங்கினார்.

எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. அமெரிக்க டிராக் ஓட்டுநர் டான் கார்லிட்ஸ் 1970 மார்ச் 8 அன்று கலிபோர்னியாவின் லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப்பில் ஓட்டியபோது டிரான்ஸ்மிஷன் (கியர்பாக்ஸ்) வெடித்து, அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். வெடித்தது கிளட்ச் இல்லை என்றாலும் இடம் அதேதான். அதன் பிறகுதான் அவர் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து காரைக் கட்டினார். உங்கள் காரில் அந்த வழி இல்லை. அந்த வேலையை ஹவுசிங்தான் செய்தாக வேண்டும்.

சரி, சான்றுக்கு வருவோம். இந்தத் துறையில், பந்தயப் பாகங்களுக்குப் பாதுகாப்புத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பான எஸ்.எஃப்.ஐ.யின் (SFI) தரம்தான் அளவுகோல். ஒவ்வொரு வகைப் பாகத்துக்கும் ஒரு எண் உண்டு. மேனுவல் கிளட்சுக்கான ஹவுசிங்குக்கு 6.1. அதிகத் தட்டுகளும் அதிக சக்தியும் உள்ள வகுப்புகளுக்கு 6.2, 6.3. அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் (NHRA) விதிப்படி கால் மைலை 11.49 விநாடியிலோ அதைவிட வேகமாகவோ ஓடும் கிளட்ச் கார்களுக்கு இது கட்டாயம். நீங்கள் குறிவைக்கும் நேரத்துக்கு இதைத் தவிர்க்கவே முடியாது. ஃப்ளைவீலும் கிளட்சும் எஸ்.எஃப்.ஐ. 1.1 சான்று பெற்றவையாக இருக்கட்டும். பழைய வார்ப்பிரும்பு ஃப்ளைவீலை வைத்துக்கொண்டு ஹவுசிங்கை மட்டும் மாற்றுவது பாதி வேலைதான்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. எடை குறைந்த, பளபளப்பான அலுமினிய ஹவுசிங்கில் எஸ்.எஃப்.ஐ. ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கிட்டப் போய் எண்ணைப் படியுங்கள். 30.1 என்று இருந்தால் அது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஃப்ளைவீலுக்குப் பதிலாக இருக்கும் மெல்லிய தட்டான ஃபிளெக்ஸ்பிளேட்டுக்கான கவசம், கிளட்சுக்கானது அல்ல. பொய்யான ஸ்டிக்கர் இல்லை, ஆனால் உங்களுக்கு உதவாத ஸ்டிக்கர். உங்களுக்கு வேண்டியது 6-இல் தொடங்கும் எண். “எஸ்.எஃப்.ஐ. தரத்துக்கு இணையானது” என்று விற்பவர் வாயால் சொல்வதற்கு மதிப்பே இல்லை. ஸ்டிக்கரும் அதில் தேதியும் இருக்க வேண்டும். பழையதை வாங்கினால் தேதி காலாவதியாகிவிட்டதா, மறுசான்று பெற வேண்டுமா என்று தயாரிப்பாளரிடம் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

எடையை நியாயமாகக் குறைக்கப் பொருளை மாற்ற வேண்டும். தடித்த எஃகை அச்சில் அழுத்திச் செய்த பழைய பாணி ஹவுசிங்கைவிட, எஃகைச் சுழற்றி வடிவமைத்தவையும் குரோம்மோலி எஃகில் (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த வலுவான எஃகு) செய்தவையும் இலகுவாகக் கிடைக்கின்றன. அதற்கும் மேலே டைட்டானியம். அதன் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு சுமார் 4.4 கிராம், எஃகு 7.85. ஆனால் விலை எங்கேயோ போய்விடும். அது மிக வேகமான வகுப்புகளுக்கான பொருள். உங்கள் காருக்கு 6.1 சான்றுள்ள இலகு எஃகு ஹவுசிங்கே சரியான தேர்வு என்பேன்.

கூடும் அந்தச் சில கிலோவுக்காக வருந்த வேண்டாம். காரில் 45 கிலோ குறைந்தால் கால் மைலில் சுமார் 0.1 விநாடி மிச்சமாகும் என்பது ஓட்டுநர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. அப்படியானால் 5 கிலோவுக்கு 0.01 விநாடிதான். ஹவுசிங் சுழலும் பாகமும் இல்லை, அதனால் எஞ்சின் சுற்று ஏறுவதை அது தடுப்பதில்லை. உங்கள் வகுப்பில் குறைந்தபட்ச எடை விதி இருந்தால், குறைத்ததைத் திரும்பச் சேர்க்க வேண்டியும் வரலாம். அந்த 5 கிலோவை சீட், பேட்டரி, வீல் என்று வேறு எங்காவது தேடுங்கள்.

வாங்கிய பிறகு நேரடியாக மாட்டிவிடாதீர்கள். ஹவுசிங்கை மட்டும் எஞ்சினில் பொருத்தி, டயல் கேஜின் (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் அளவி) காந்த அடியை ஃப்ளைவீலில் ஒட்டி, முனையை கியர்பாக்ஸ் உட்காரும் துளையின் உள்விளிம்பில் வைத்து, கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். முள் மொத்தம் எவ்வளவு நகர்கிறதோ அதில் பாதிதான் மையம் விலகிய அளவு. அது 0.005 அங்குலத்துக்கு மேல் போனால் ஹவுசிங்கை எஞ்சினில் இடம்பிடித்து நிறுத்தும் டோவெல் பின்களுக்குப் பதிலாக, மையம் விலக்கிய டோவெல் பின்களைப் போட்டுச் சரிசெய்யுங்கள். முள் மொத்தம் 0.014 அங்குலம் காட்டினால் 0.007 பின் போதும். இதைச் செய்யாமல் விட்டதால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டும் பேரிங்கும் தேய்ந்து, கிளட்சைக் குறைசொன்னவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அப்புறம், போல்ட் துளை எத்தனை இருக்கிறதோ அத்தனையிலும் தயாரிப்பாளர் சொன்ன தரத்தில் போல்ட் இருக்க வேண்டும். கை எட்டாத மேல் மூலையில் இருக்கும் அந்த ஒன்றையும் சேர்த்துத்தான்.