எல்லாத்துக்கும் ஓம் போட்ட மச்சாள்

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள் திருகோணமலை, நிலாவெளிப் பக்கம். மகளுக்கு 26 வயது. வணிக முகாமைத்துவம் படிச்சு, செக்கண்ட் அப்பர் எடுத்து முடிச்சவள். முடிச்சு ரெண்டு வருசமாகியும் வீட்டிலதான் இருக்கிறாள். பட்டதாரியளுக்கு அரசாங்க வேலை குடுக்கிற நியமனம் வரும் வரும் எண்டு பார்த்துக்கொண்டிருக்கிறம். போன வருசம் இங்க ஒரு ஹோட்டலில கணக்குப் பகுதிக்குக் கூப்பிட்டவை. ஹோட்டல் வேலை எங்களுக்குச் சரிவராது எண்டு இவர் விடயில்லை. கடைசி வருசம் எங்கட கரையில கருவாடு போடுற பொம்பிளையளைப் பற்றித்தான் ஆய்வு செய்தவள். என்ர மச்சாளும், இவரின்ர அக்கா, அதில பதில் சொன்னவ. மீன் வெட்டுற அவசரத்தில "எல்லாத்துக்கும் ஓம் எண்டு போடு பிள்ளை" எண்டிட்டா. மகள் படிக்கேக்க லப்டொப் வாங்கித் தந்ததும் அவதான். ஆய்வுக்கு 'ஏ' கிடைச்சது. தங்க எழுத்துப் போட்டுக் கட்டின புத்தகம் ஷோகேசில இருக்கு. என்ன பிரயோசனம்? வேலை எடுத்துத் தராத கம்பஸ் எதுக்கு? கருவாட்டு மணம் பிடிக்கக் கூடாது எண்டுதானே படிப்பிச்சனாங்கள். இன்னும் பொறுக்கிறதா, கொழும்புக்கு அனுப்புறதா, கலியாணத்தைப் பார்க்கிறதா?

ஒரு தாய், நிலாவெளி

பதில்:

தங்கச்சி, இதே கடிதம் மூதூரிலிருந்து வந்திருக்கிறது, கிண்ணியாவிலிருந்து வந்திருக்கிறது, மட்டக்களப்பிலிருந்து வந்துகொண்டேயிருக்கிறது. பாடம் மாறும், ஊர் மாறும். "நியமனம் வரும், பொறுமையாக இருங்கள்" என்று நான் ஒரு வரி எழுதினால் எல்லோருக்கும் அன்றைக்கு நித்திரை வரும். எழுத மாட்டேன். 2020இல் பட்டதாரிகளைக் கும்பலாகச் சேர்த்து, மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவில் பயிலுநர்களாக அரசு எடுத்தது. 2022இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நாடு கைவிரித்தது. அதற்குப் பிறகு இருக்கிற ஆட்களுக்குச் சம்பளம் கொடுப்பதே பெரும்பாடு என்ற நிலை வந்தது. இதையெல்லாம் பார்த்த பிறகும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது உங்கள் விருப்பம். கலியாணத்தைப் பற்றிக் கேட்க வேண்டியது மகளிடம், என்னிடம் அல்ல.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப்போன ஒரு வரி இருக்கிறது. "எல்லாத்துக்கும் ஓம் எண்டு போடு பிள்ளை." எனக்கு அது போதும்.

அந்த வினாக்கொத்து எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். முகாமைத்துவ மாணவர்கள் கொண்டுவரும் தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "எனது உற்பத்திக்குக் கிடைக்கும் விலையில் திருப்தியடைகிறேன்" என்று ஒரு வசனம். நாலு வரி தள்ளி, "இடைத்தரகர்களால் நான் பாதிக்கப்படுகிறேன்" என்று இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து பெட்டி, முற்றிலும் உடன்படவில்லை தொடக்கம் முற்றிலும் உடன்படுகிறேன் வரை. மச்சாள் எல்லாவற்றுக்கும் ஓம். ஆகவே அந்த ஆய்வின்படி உங்கள் மச்சாள் விலையில் முழுத் திருப்தியோடும் இருக்கிறார், வியாபாரியிடம் நசுங்கிக்கொண்டும் இருக்கிறார். அதைக் கணினியில் ஏற்றி, சராசரி பார்த்து, வரைபடம் கீறி, 'ஏ' வாங்கி, தங்க எழுத்துப் போட்டு ஷோகேசில் வைத்தாயிற்று.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று உங்கள் வீட்டில் யாராவது ஒரு நிமிடம் யோசித்தீர்களா? கையில் கத்தி. முன்னால் சூடை மீனோ கீரி மீனோ குவியலாகக் கிடக்கிறது. வெயில் ஏற முன்னம் வயிற்றைக் கீறி, குடல் எடுத்து, கழுவி, உப்பில் போட்டாக வேண்டும். பிந்தினால் மீன் இளகிவிடும். பிறகு அந்தக் கருவாட்டை யாரும் நல்ல விலைக்கு எடுக்கமாட்டார்கள். அந்த நேரம் பார்த்துத் தாளோடு போய் நின்றிருக்கிறாள் பிள்ளை. அது ஒரு காரணம். தாளில் எதைச் சொன்னாலும் தன்னிடம் எதுவும் திரும்பி வராது என்பது அவருக்குத் தெரியும். அது இரண்டாவது. ஆனால் பெரிய காரணம் அதுவல்ல. தம்பியின் பிள்ளை பாஸ் பண்ண வேண்டும். அவருடைய ஓம் அதற்குத்தான். லப்டொப்பைத் தந்த அதே மனதோடு அந்த ஓமையும் தந்திருக்கிறார்.

அதைக் கையில் வாங்கிக்கொண்டு நீங்கள் என்ன செய்தீர்கள்? "கருவாட்டு மணம் பிடிக்கக் கூடாது எண்டுதானே படிப்பிச்சனாங்கள்" என்று எனக்கு எழுதுகிறீர்கள். அந்த மணத்தில் வந்த காசில் வாங்கிய லப்டொப்பில்தான் அந்த மணத்தைப் பற்றிய ஆய்வு டைப் பண்ணப்பட்டது. மச்சாளின் முகத்துக்கு நேரே இதைச் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். சொல்லாமலே அவருக்கு விளங்கியிருக்கும், அது வேறு கதை.

படித்த பிள்ளை குடும்பத்துக்குக் கடமைப்பட்டவள் என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. இது பழைய காலத்து எண்ணம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். ஆனால் குடும்பம் என்றால் தாயும் தகப்பனும் மட்டுமா? படிக்க வைத்த கைகள் எத்தனையோ, அத்தனையும் குடும்பம்தான்.

இனி கம்பஸ். அதைத் திட்ட வேண்டுமென்றால் உங்களோடு சேர்ந்து நானும் திட்டுவேன், காரணம் மட்டும் வேறு. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஊருக்குள் வருவது பெரும்பாலும் இரண்டு கோலத்தில்: வினாக்கொத்தோடு, அல்லது பதாகையோடு. பதாகையோடு வந்தால் நாலு மரக்கன்று, ஒரு இரத்ததான முகாம், ஒரு குழுப் படம். வினாக்கொத்தோடு வந்தால் படம்கூடக் கிடையாது. ஒரு வருடம் வந்த பிள்ளை கேட்ட அதே கேள்வியை அடுத்த வருடம் வேறொரு பிள்ளை அதே பெண்ணிடம் கேட்கிறாள். முதல் பிள்ளை என்ன கண்டுபிடித்தாள் என்று இரண்டாவது பிள்ளைக்கும் தெரியாது, அந்தப் பெண்ணுக்கும் தெரியாது. வாய்மொழிப் பரீட்சை முடிந்ததும் புத்தகம் நூலகத்தில் ஒரு பிரதி, வீட்டு ஷோகேசில் ஒரு பிரதி. மேற்பார்வை செய்த ஆசிரியர் "தகவல் தந்தவர்களிடம் போய் முடிவைச் சொல்லிவிட்டு வா, அதற்குப் பிறகுதான் கையெழுத்து" என்று ஒரு நிபந்தனை போட்டிருக்கலாம். இதற்கு நிதியும் வேண்டாம், அமைச்சின் அனுமதியும் வேண்டாம்.

கைத்தொழில் பக்கமும் இதே கதைதான். ஹார்பர், சீனக்குடாவில் பிரீமா மா ஆலை, டோக்கியோ சீமெந்து, வடக்கே புல்மோட்டையில் கனிய மணல், உப்புவெளி நிலாவெளிக் கரை முழுக்க ஹோட்டல்கள். பிரித்தானியர் விட்டுப்போன 99 எண்ணெய்த் தாங்கிகளுக்கும் 2022 ஜனவரியில் உடன்படிக்கை போட்டார்கள். அதில் 61 தாங்கிகள் இலங்கை, இந்திய எண்ணெய் நிறுவனங்களின் கூட்டுக் கம்பனிக்குப் போயின. வேலையே இல்லாத ஊர் என்று திருகோணமலையைச் சொல்ல முடியாது. ஆனால் எந்த வேலைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று நிறுவனமும் விரிவுரையாளரும் ஒரே மேசையில் இருந்து பேசி, அதைப் பாடத்தில் சேர்ப்பது அரிது. தொழிற்பயிற்சிக்கு வருகிற பிள்ளையை ஃபோட்டோகொப்பி எடுக்கவும் தேத்தண்ணி கொண்டுவரவும் விடுகிற அலுவலகங்களும் உண்டு. முதலாளிமாருக்கும் இதில் வெட்கம் வேண்டும். பயிற்சி முடிவில் கடிதத்தலைப்பில் ஒரு சான்றிதழ் அடித்துக் கொடுத்தால் கடமை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன், உங்கள் வீட்டுக்காரருக்கும் வாசித்துக் காட்டுங்கள். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பின்தங்கிய பட்டியலிலும் இருக்கிறது. உயர்தரப் பரீட்சையில் கொழும்புப் பிள்ளையைவிடக் குறைந்த இசட் புள்ளியோடு நம் பிள்ளைகள் உள்ளே போவது மாவட்டத்தின் பெயரால்தான். அந்த மாவட்டம் யார்? கச்சேரி என்கிற மாவட்டச் செயலகக் கட்டடமா? உப்பில் கை வெடித்த உங்கள் மச்சாளும்தான் அந்த மாவட்டம். அவருடைய வறுமையைக் காட்டித்தான் அந்த 5 வீதம் வந்தது. இலவசக் கல்விக்குப் போகிற வரியிலும் அவர் பங்கு உண்டு. 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாகிவிட்ட வற் வரி, அவர் வாங்கும் சவர்க்காரத்திலும் போன் ரீலோடிலும் இருக்கிறது.

வந்தாறுமூலையில் 1981இல் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. அதன் திருகோணமலை வளாகம் உங்கள் பக்கத்துக் கோணேசபுரியில் இருக்கிறது. வணிகமும் தொடர்பாடலும் பிரயோக விஞ்ஞானமும் சித்த மருத்துவமும் அங்கே படிப்பிக்கிறார்கள். கருவாட்டைச் சுத்தமாக உலர்த்துவது, பொதி செய்வது, விற்பது எல்லாவற்றுக்கும் தேவையான அறிவு உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரத்தில் கிடக்கிறது. யார் போய்க் கேட்டீர்கள்? கம்பஸ் ஊருக்கு வரவில்லை என்று குறைசொல்கிற ஊர், கம்பஸின் படலையைத் தட்டிப் பார்த்ததும் குறைவுதான்.

சரி, வேலைக்கு வருவோம்.

ஷோகேசைத் திறந்து அந்தப் புத்தகத்தை எடுக்கச் சொல்லுங்கள். கடைசி அத்தியாயத்தில் பரிந்துரைகள் என்று ஒரு பக்கம் இருக்கும். மணலில் காய வைக்காமல் நிலத்திலிருந்து உயர்த்திய பரணில் காய வைக்க வேண்டும், பொதியில் விற்க வேண்டும், கூட்டாகச் சேர்ந்து விற்க வேண்டும், இப்படி ஏதாவது. அதை மகள் மாமியின் முற்றத்தில் போயிருந்து, பின்னேரம், கத்தி கீழே வைத்த பிறகு, தமிழில் வாசித்துக் காட்டட்டும். பக்கத்து மீன்வாடிப் பெண்களையும் கூப்பிடட்டும். அவர்கள் சிரிப்பார்கள். "பரணுக்கு ஆர் பிள்ளை காசு தாறது?" என்று கேட்பார்கள். வாடைக்காலத்தில் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழை கொட்டும்போது எந்தப் பரணில் எதைக் காய வைப்பது என்று கேட்பார்கள். உப்புக்கும் மீனுக்கும் முற்பணம் தந்த வியாபாரியை விட்டு வேறொருவருக்கு எப்படி விற்பது என்று கேட்பார்கள். இவை எதற்கும் ஐந்து பெட்டிக்குள் இடம் இருந்திருக்காது. அவள் எழுதிக்கொள்ளட்டும்.

பிறகு ஒரு பருவம் முழுக்க மாமியின் கணக்கை எழுதட்டும். பச்சை மீன் என்ன விலை, உப்பு எவ்வளவு, கூலி எவ்வளவு, பழுதானது எவ்வளவு. சின்ன மீன் மூன்று கிலோ காய்ந்தால் கருவாடாக நிற்பது ஏறத்தாழ ஒரு கிலோதான். அந்த ஒரு கிலோவில் மாமிக்கு உண்மையில் என்ன மிஞ்சுகிறது என்று மாமிக்கே தெரியாது. செக்கண்ட் அப்பர் எடுத்த பிள்ளைக்கு இது பெரிய கணக்கல்ல. மிச்சம் இருக்கிறதென்று தெரிந்தால், பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியலாம், பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ.யைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டலாம். மிச்சம் இல்லையென்று தெரிந்தால் அதையும் மாமிக்குச் சொல்ல வேண்டும். அது கசப்பான வேலை, ஆனால் படித்தவள்தான் செய்ய வேண்டும்.

அந்தக் கணக்கோடு தன் பழைய மேற்பார்வையாளரிடம் போகட்டும். "சேர், என் ஆய்வில் தவறு இருக்கிறது, சரியான தரவு இது" என்று சொல்லட்டும். கையாலாகாதவரென்றால் முகம் சுளிப்பார். நல்ல ஆசிரியரென்றால் அடுத்த வருட மாணவர்களைப் புது வினாக்கொத்தோடு அல்ல, இந்தக் கணக்குப் புத்தகத்தோடு அதே வாடிக்கு அனுப்புவார். வேலை கேட்டுப் போகும் இடத்தில் மகள் நீட்டுவதற்கும் சான்றிதழைவிடக் கனமான ஒன்று கையில் இருக்கும்.

ஹோட்டல் வேலை இன்னும் திறந்திருந்தால் நாளைக்கே போகட்டும். உங்கள் வீட்டுக்காரர் எந்த ஹோட்டலின் கணக்குப் பகுதிக்குள் போய்ப் பார்த்துவிட்டுச் சரிவராது என்றார்? இரவு எத்தனை மணிக்கு விடுவார்கள், வாகனம் தருவார்களா என்று கேட்பது தகப்பனின் கடமை, அதைக் கேட்கட்டும். சனம் என்ன சொல்லும் என்று கேட்பது கடமையில் சேராது. அந்தச் சனம் ரெண்டு வருடமாக உங்கள் பிள்ளைக்கு ஒரு நேரத்துச் சோறு போடவில்லை. கணக்குப் பகுதியில் இருந்தால் ஹோட்டல் சமையலறைக்கு நெத்தலியும் கருவாடும் எங்கிருந்து, என்ன விலைக்கு வருகிறது என்ற பில் அவள் கையில்தான் வரும். நெத்தலியைக் கடல் கடந்து தாய்லாந்திலிருந்து இறக்கித் தின்கிற நாடு இது. நிலாவெளிக் கரையில் காய்கிறது நிலாவெளி ஹோட்டலுக்குள் ஏன் போகவில்லை என்பதற்கு அந்தப் பில்லில் பாதி விடை இருக்கும்.

கொழும்புக்கு அனுப்புவதைப் பிறகு பார்க்கலாம். முதலில் மச்சாளிடம் போங்கள், மகளை மட்டும் அனுப்பாமல் நீங்களும் போங்கள். அடுத்த கடிதத்தில் நியமனத்தைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம். ஒரு கிலோ சூடைக் கருவாட்டில் மச்சாளின் கையில் எத்தனை ரூபாய் மிஞ்சுகிறது என்று மட்டும் எழுதுங்கள்.