லைக் குவியுது, ஓடர் வரவில்லையே!

கேள்வி: உப்புவெளியில் வீட்டிலிருந்தே கருவாடு பொதி செய்து விற்கிறேன். பேஸ்புக்கில் 5,000 ரூபாவுக்கு பூஸ்ட் (காசு கட்டிப் பதிவைப் பலருக்குக் காட்டும் விளம்பரம்) போட்டேன். லைக் நிறைய, ஓடர் இல்லை. ஏன்?

பதில்: பூஸ்ட் போடும்போது தெரிவு செய்த இலக்கு 'எங்கேஜ்மென்ட்' (லைக், கமென்ட் சேர்ப்பது) ஆக இருந்திருக்கும். அப்படியானால் லைக் போடும் பழக்கமுள்ளவர்களைத்தான் பேஸ்புக் தேடிப் பிடிக்கும். அடுத்த முறை 'மெசேஜ்' இலக்கைத் தெரிவு செய்து வட்ஸ்அப் பிசினஸுடன் இணையுங்கள். இடத்தை இலங்கை முழுவதும் என்று விடாமல், உங்கள் கூரியர் ஒழுங்காகப் போகும் நகரங்களை மட்டும் குறியுங்கள். விலை, நிறை, கூரியர் கட்டணம் மூன்றும் படத்திலேயே தெரியட்டும். 'விலைக்கு இன்பொக்ஸ் வாங்க' என்பது வாங்க வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பும் வேலை.

இனி கணக்கு. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஒரு குறிச்சொல் வையுங்கள்: ஒன்றில் 'கட்டா', இன்னொன்றில் 'நெத்தலி' என்று அனுப்பச் சொல்லுங்கள். எது விற்றுத் தந்தது என்பது அதில் தெரிந்துவிடும். கேட்டவர்களை விடுங்கள், பணம் கட்டியவர்களை மட்டும் எண்ணுங்கள். 5,000 ரூபாவுக்கு 10 விற்பனை என்றால் ஒன்றுக்கு 500 ரூபா செலவு. பொதிக்கு 400 ரூபாதான் இலாபமென்றால், ஒவ்வொன்றிலும் 100 ரூபா கையைக் கடிக்கும். பொதியைப் பெரிதாக்கி, ஒரு விற்பனையில் வரும் இலாபத்தைக் கூட்டிப் பாருங்கள்.

வாங்கியவர்களிடம் உங்கள் இலக்கத்தைச் சேமிக்கச் சொல்லுங்கள். சேமிக்காதவர்களுக்கு வட்ஸ்அப் புரோட்காஸ்ட் லிஸ்ட் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் பட்டியல்) செய்தி போய்ச் சேராது.